சமதளத்தில் நிறுத்திய ஜீப்

ஜூலை 20

மெக்கானிக் சிக்கந்தர் எழுதச் சொன்னதால் எழுதுகிறேன். மற்றபடி எனக்கு டைரி எழுதும் வியாதியெல்லாம் கிடையாது. உரக்கடைக்காரர் புது வருஷத்துக்குக் கொடுத்தது, ஏழு மாதமாக அரிசி டின் மேல் சும்மா கிடந்தது. சிக்கந்தர் வயதில் சின்னவன், அவன் இவன் என்றுதான் எழுதுவேன். படிக்கும்போது கோபித்துக்கொள்ளக் கூடாது.

போடியிலிருந்து மலை மேலே ஏலக்காய் எஸ்டேட்டுக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப் எங்களுடையது. காலை ஐந்து மணிக்குப் பன்னிரண்டு பெண்களை ஏற்றிக்கொண்டு, பதினேழு கொண்டை ஊசி வளைவு ஏறி, எஸ்டேட் வாசலில் விட்டு, சாயங்காலம் திரும்பக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். பதினாறு வருஷமாக இதுதான் சோறு. போன மாதம் பதினோராவது வளைவில் இழுக்க மாட்டாமல் நின்றுவிட்டது. பன்னிரண்டு பேரும் தூக்குவாளியோடு மழையில் இறங்கி நடந்தார்கள்.

சிக்கந்தரிடம் கொண்டுபோனேன். அவன் ஸ்பேனரை எடுக்கவே இல்லை. "அக்கா, காலைல எப்படி ஸ்டார்ட் பண்ணுவீங்க?" என்று கேட்டான்.

"எல்லாரும் மாதிரி உருட்டித்தான்" என்றேன். எங்கள் வீடு மேட்டுத் தெருவில் இருக்கிறது. ஜீப்பின் மூக்கை இறக்கத்தைப் பார்க்க வைத்து, சக்கரத்துக்குக் கல் கொடுத்து நிறுத்துவோம். காலையில் கல்லை எடுத்துவிட்டு நாலடி உருட்டிக் கியரில் விட்டால் உயிர் வந்துவிடும், பேட்டரி மிச்சம். எங்கள் ஜீப் ஸ்டாண்டில் செல்ஃப் மோட்டாரைத் தொடுகிறவனைக் கேலி செய்தே கொன்றுவிடுவார்கள்.

"அதான்க்கா வினையே. இறக்கத்துல உருட்டுனா செத்த இன்ஜினும் ஸ்டார்ட் ஆகும். கம்ப்ரஷன் எப்பக் கொறைய ஆரம்பிச்சுச்சுன்னு ஒங்களுக்கே தெரியாமப் போச்சு. ஒரு வாரம் சமதளத்துல நிறுத்துங்க. செல்ஃப்ல ஸ்டார்ட் பண்ணுங்க. எத்தனை சுத்துல பிடிக்குது, பொக என்ன கலரு, எம்புட்டு ஆயில் குடிக்குது, பூராம் தேதி போட்டு எழுதிட்டு வாங்க. அப்புறம் கேஜ் மாட்டுவோம்."

கம்ப்ரஷன் என்றால் என்ன என்று வெட்கப்படாமல் கேட்டேன். பிஸ்டன் மேலே வரும்போது உள்ளே இருக்கும் காற்றை நெருக்குமாம். அந்த நெருக்கலில் காற்று சூடேறித்தான் டீசல் பற்றுமாம். காற்று எங்காவது ஒழுகினால் சூடும் கிடையாது, இழுவையும் கிடையாது. இவ்வளவுதான் விஷயம். இதைப் பதினாறு வருஷத்தில் எவனும் எனக்குச் சொல்லவில்லை.

ஆகஸ்ட் பதினேழாம் தேதி காய் எடுப்பு தொடங்குகிறது. அன்றைக்கு ஜீப் வாசலில் நிற்காவிட்டால் டிரிப்பை வேறு வண்டிக்கு மாற்றிவிடுவதாக எஸ்டேட் சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். மாற்றட்டுமே பார்க்கலாம்.

ஜூலை 21

ஸ்டார்ட்: பள்ளிக்கூடத்துப் பொட்டலில், பதினொரு சுற்று.
புகை: வெள்ளை. பொட்டலே தெரியவில்லை.
ஆயில்: ஒரு விரல் குறைந்திருந்தது, ஊற்றினேன்.

ஓட்டியது நான். லைசென்ஸ் நாலு வருஷமாக டிரங்குப்பெட்டியில் தூங்கியது. இனிமேல் தூங்காது.

ஜூலை 22

ஸ்டார்ட்: பதிமூன்று சுற்று.
புகை: வெள்ளை. முந்தல் செக்போஸ்ட் வரை போனேன், மேடு ஏறும்போது நீலம்.
ஆயில்: மறுபடியும் ஒரு விரல்.

ஸ்டாண்டு செயலாளர் தவமணி அண்ணன் பொட்டலுக்கே வந்துவிட்டார். சொந்தமாக மூன்று புது ஜீப் வைத்திருக்கிறவர். நடுவில் நின்று புகையை விசிறிக்கொண்டே, "என்ன தாயி, கொசு மருந்து அடிக்கிற வேலைக்குப் போயிட்டியா?" என்றார்.

"ஒங்க வீட்டுப் பக்கம்தான் அடிக்க வர்றேன். அங்கதான கொசு சாஸ்தி" என்றேன்.

சிரித்தார். சிரித்துக்கொண்டே, பழைய இரும்பு விலைக்கு மேலே கொஞ்சம் போட்டுத் தானே வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். அந்தப் பன்னிரண்டு பெண்களையும் தன் ஜீப்பிலேயே ஏற்றிக்கொள்வாராம். இப்போதைக்கு ஏற்றிக்கொண்டிருப்பதும் அவர்தான். "பொம்பள தனியா வச்சுக்கிட்டு என்ன பண்ணுவ?" என்று கேட்டார். ஓட்டுவேன், வேறென்ன பண்ணுவார்கள் ஜீப்பை வைத்துக்கொண்டு?

ஜூலை 24

ஸ்டார்ட்: பதினான்கு. பேட்டரி திணறுகிறது.
புகை: வெள்ளை.

அங்கம்மாக்கா வந்தது. பன்னிரண்டு பேருக்கும் அதுதான் தலைவி. தவமணி ஜீப்பில் பதினாறு பேரை அடைக்கிறார்களாம், ஒரு காலில் நின்றுகொண்டு மலை ஏறுகிறார்களாம். "சீக்கிரம் வண்டிய எடு மயிலு. காய் எடுப்புக்கு நாங்க ஏறுறது ஒன் வண்டியாத்தான் இருக்கணும்" என்றது. பிறகு அடுப்படியை எட்டிப்பார்த்து, "ஒரு தட்டுதான் கழுவி வச்சிருக்க" என்றது.

இது ஜீப் நோட்டு. தட்டைப் பற்றி எழுதுகிற நோட்டு இல்லை.

ஜூலை 26

ஸ்டார்ட்: பதினான்கு.
புகை: வெள்ளை. ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து வைத்தேன். சிக்கந்தர் சொன்ன மாதிரியே உள்ளேயிருந்து புஸ் புஸ்ஸென்று ஆவி அடிக்கிறது. மேலே வைத்த மூடி தானாகக் குதிக்கிறது.

வண்டியைக் கெடுத்த ஆளைப் பற்றி எழுதுவதாக இல்லை. ஆனால் சிக்கந்தர் வண்டியின் கதை முழுக்கத் தெரிய வேண்டும் என்கிறான். எழுதித் தொலைக்கிறேன்.

ஓட்டியது என் வீட்டுக்காரர் சுருளிவேல். வளைவில் வண்டி நின்ற அன்று சாயங்காலம், ஸ்டாண்டில் பதினைந்து ஜீப்காரர்கள் நிற்கும்போது கேட்டேன். கேட்டேன் என்ன, கத்தினேன். "இறக்கத்துல இன்ஜின ஆஃப் பண்ணி உருட்டி உருட்டியே வண்டியக் கொன்னுட்ட. ஒன்னைய நம்பி ஸ்டியரிங்கக் குடுத்ததுக்கு ஒரு கழுதைட்டக் குடுத்துருக்கலாம்" என்றேன். அதற்கு மேலும் சொன்னேன். அந்த ஆள் சாவியை பானெட் மேல் வைத்துவிட்டு நடந்தே போய்விட்டார். தேவாரத்தில் அவருடைய தங்கச்சி வீட்டில் இருக்கிறாராம். இருக்கட்டும். நான் என்ன பொய்யா சொன்னேன்?

ஜூலை 27

ஸ்டார்ட்: பதினாறு. மழை.

ஜூலை 28

நாளைக்கு வொர்க்‌ஷாப். ஜீப்பைக் கழுவித் துடைத்தேன். ஊற்ற வேண்டியதையெல்லாம் ஊற்றினேன். இருப்பதிலேயே சுத்தமான வண்டியாகக் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். மயில்தாய் வண்டியைக் கவனிக்கவில்லை என்று ஒருத்தனும் சொல்லக் கூடாது.

ஜூலை 29

நோட்டை வாங்கி முழுக்கப் படித்தான் சிக்கந்தர். கழுதை வந்த இடத்தில் மட்டும் மீசைக்குள் சிரித்தான். பிறகு டீசல் பீய்ச்சும் நாலு இன்ஜெக்டரையும் கழற்றி, அந்த ஓட்டையில் காற்றின் நெருக்கலை அளக்கும் கேஜைத் திருகி, என்னைச் செல்ஃப் போடச் சொன்னான். நல்ல இன்ஜின் இருபத்தெட்டு கிலோ காட்டுமாம்.

முதல் சிலிண்டர் 18. இரண்டாவது 17. மூன்றாவது 18. நாலாவது 19.

"ஒண்ணு மட்டும் கொறஞ்சிருந்தா வால்வு, ஹெட் கேஸ்கெட்னு நெனைக்கலாம். நாலும் ஒரே மாதிரி கொறஞ்சிருக்கு" என்றான். பிறகு ஒவ்வொரு ஓட்டையிலும் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பார்த்தான். 23, 23, 24, 24 என்று ஏறியது. ஆயில் இடுக்கை அடைத்ததால் ஏறுகிறது, அப்படியென்றால் காற்று பிஸ்டன் ரிங் ஓரமாக ஒழுகுகிறது என்று விளக்கினான். வால்வில் ஒழுகினால் ஆயிலுக்கெல்லாம் அசையாதாம்.

"தேஞ்சு போச்சுக்கா. வயசுக்குத் தேஞ்சதா, வேற எதுவும் தேச்சதான்னு பிரிச்சாத்தான் தெரியும்."

"பிரி" என்றேன்.

"யோசிச்சுச் சொல்லுங்க. இன்ஜின் வேலை வண்டி வெலைல பாதி வரும். செகண்ட் ஹேண்ட் இன்ஜின் ஒண்ணு வாங்கித் தூக்கி வைக்கலாம். இல்ல, வித்துரலாம்."

எவனோ ஓட்டித் தேய்த்த இன்ஜினை வாங்கி என் வண்டிக்குள் வைக்கவா? "பிரிடா தம்பி" என்றேன்.

ஜூலை 31

பிரித்துவிட்டான். மேஜை மேல் நாலு பிஸ்டன், துணி விரித்து அடுக்கி வைத்திருந்தான். ரிங்கின் ஓரம் பிளேடு மாதிரி கூராக இருந்தது. பிஸ்டன் ஏறி இறங்கும் லைனர் குழலின் உள்ளே, மேல்பக்கம் என் விரலைப் பிடித்து வைத்து நகத்தால் தடவச் சொன்னான். நகம் படியில் இடறியது. அந்த அளவுக்குக் குழி விழுந்திருக்கிறது.

பிறகு காற்று உள்ளே போகும் ரப்பர் குழாயைக் கழற்றி, வெள்ளைத் துணியை விரலில் சுற்றி உள்ளே துடைத்துக் காட்டினான். செக்கச் செவேலென்று செம்மண்.

"இது வயசு இல்லக்கா. மண்ணு. பல வருசமா மண்ணைத் தின்னுருக்கு."

அடுத்து ஏர் கிளீனர். குண்டான் மாதிரி ஒரு கிண்ணம், அடியில் எண்ணெய் இருக்கும். காற்று எண்ணெயில் பட்டு, தூசியை அதில் விட்டுவிட்டு இன்ஜினுக்குள் போகும். சிக்கந்தர் கிண்ணத்தைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தான். எண்ணெய் தேன் நிறத்தில் பளபளவென்று இருந்தது.

வெகு நேரம் அதையே பார்த்தான். "இம்புட்டுச் செம்மண் உள்ள போயிருக்கு. கிண்ணத்துல மட்டும் ஒரு துளி சேறு இல்ல. எண்ணெ புதுசு." என் பக்கம் திரும்பினான். "நோட்டுல எழுதிருக்கீங்களேக்கா, ஊத்த வேண்டியதையெல்லாம் ஊத்துனேன்னு. எதெத ஊத்துனீங்க?"

"தண்ணி. ஆயில்."

"ஏர் கிளீனர்ல?"

"அது அவர் பாக்குற வேலை" என்றேன்.

இனிமேல் இந்த நோட்டை அவனிடம் கொடுக்க மாட்டேன்.

ஆகஸ்ட் 1

எழுதினேன். கிழித்துவிட்டேன்.

ஆகஸ்ட் 2

சண்டை. புது லைனர், பிஸ்டன், ரிங் எல்லாம் வாங்கிப் போடு என்று சொன்னால் முடியாது என்கிறான்.

"மண்ணு எப்படிப் போச்சுன்னு தெரியாமப் புதுப் பாகம் போட மாட்டேன்."

"பணம் நான் குடுக்குறேன், வேலை நீ பாக்குற. இதுல ஒனக்கு என்னடா கேள்வி?"

"வேலை என்னுதுக்கா. அடுத்த வருசம் இதே வண்டி இதே பொகையோட எங்கிட்ட வந்து நின்னா அசிங்கம் எனக்கு. குழாய்ல ஓட்டை இல்ல, கிளிப்பும் டைட்டா இருக்கு. தண்ணிக்குள்ள முக்கிக்கூடப் பாத்துட்டேன். அப்ப கிண்ணத்துல எண்ணெ இல்லாம ஓடியிருக்கணும். சுருளி அண்ணன்தான் பாப்பாருன்னா, அவருக்கு ஒரு போன் போடுவோம். எத்தன நாளா ஊத்தலன்னு கேட்டுருவோம்."

போனைக் கையில் எடுத்தே விட்டான். "யாரும் யாருக்கும் போன் போட வேணாம்" என்று கத்திவிட்டு வந்துவிட்டேன். வொர்க்‌ஷாப்பில் இருந்தவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். பார்க்கட்டும். என்னை என்ன முதல்முறையாகவா பார்க்கிறார்கள்?

இன்னும் பதினைந்து நாள் இருக்கிறது. என் இன்ஜின் அவன் மேஜையில் துண்டு துண்டாகக் கிடக்கிறது.

ஆகஸ்ட் 3

ஆடிப்பெருக்கு. சோறு கிளறவில்லை. அங்கம்மாக்கா தேங்காய்ச் சோறும் புளிச்சோறும் ஒரு தூக்கில் போட்டு எடுத்துக்கொண்டு வந்தது. நான் சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருந்தது. அப்புறம் ஆரம்பித்தது.

"தேவாரத்துல எங்க மதினி வீட்டுக்குப் போயிருந்தேன். ஒம் புருசனப் பாத்தேன்."

"டிரைவர் வேலைக்குப் போறாராமே" என்றேன். அப்படித்தான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"எவன் குடுத்தான் டிரைவர் வேல? வண்டியக் கொன்ன ஆளுன்னு இங்க நீ சொன்னது அங்க வரைக்கும் போயிருச்சு. ரெண்டு மொதலாளிட்டக் கேட்டுருக்காப்ல. சாவி குடுக்க மாட்டேன்ட்டாங்க. தேங்கா லோடு ஏத்துறாப்ல மயிலு. முதுகுல மூடை."

அந்த மனுஷனுக்கு முதுகு வலி. எட்டு வருஷமாக டிரைவர் சீட்டில் தலையணை வைத்துத்தான் உட்காருவார். அந்தத் தலையணைக்கு உறை தைத்தவள் நான்.

தூக்கைக் கழுவிக் கொடுத்தேன். அக்கா வாசலில் நின்று, "நீ சொன்னது நெசந்தானத்தா?" என்று கேட்டது. கதவைச் சாத்தினேன்.

ஆகஸ்ட் 4

கிழித்த பக்கத்தைத் திரும்ப எழுதுகிறேன். இந்தத் தடவை கிழிக்க மாட்டேன்.

காலையில் கல்லை எடுப்பது என் வேலை. வாரம் ஒரு நாள் தண்ணீர், ஆயில், ஏர் கிளீனர் எண்ணெய் பார்ப்பதும் என் வேலை. எப்போதுமே என் வேலைதான். அவர் ஓட்டுவார், நான் பார்ப்பேன்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு காலை. ஜீப் வழக்கம்போல மூக்கு கீழே பார்க்க நின்றது. நான் முன்னால் குனிந்து கல்லை எடுத்தேன். அவர் உருட்டிக் கியரில் விட்டார். இன்ஜின் பிடித்தது. பிடித்த இன்ஜின், ஆக்ஸிலேட்டரில் கால் வைக்காமலே தானாக உறும ஆரம்பித்தது. இன்ஜினை நிறுத்தும் ஸ்டாப் கம்பியை இழுத்தார், நிற்கவில்லை. கருப்புப் புகையோடு இன்னும் இன்னும் ஏறியது. நான் ஜீப்புக்கும் கீழே இருக்கும் முத்தையா வீட்டுச் சுவருக்கும் நடுவில் கையில் கல்லோடு நின்றேன். அந்தச் சத்தத்தில் கால் நகரவில்லை. அவர் பிரேக்கை முழுக்க மிதித்து, மேல் கியரில் போட்டு அமுக்கித் திணறடித்து நிறுத்தினார். பம்பர் என் முழங்காலைத் தொட்டுக்கொண்டு நின்றது.

முதல் நாள் கிண்ணத்தில் கோட்டுக்கு மேலே எண்ணெய் ஊற்றியிருக்கிறேன். இறக்கத்தில் சாய்ந்து நின்றதால் அது வழிந்து இன்ஜினுக்குள் போய்விட்டது. டீசலே வேண்டாமல் அந்த எண்ணெயைக் குடித்தே ஓடியிருக்கிறது. அவர் திட்டவில்லை. இறங்கி வந்து என் முழங்காலைத் தடவிப் பார்த்தார். "கோடு வரைக்கும் ஊத்து மயிலு. அம்புட்டுத்தான்" என்றார்.

அன்றிலிருந்து ஒரு சொட்டு ஊற்றவில்லை. பயம். கிண்ணத்தைத் தொட்டாலே அந்தச் சத்தம் காதில் கேட்கும். கிண்ணத்துக்கு மேலே கம்பிச் சல்லடை இருக்கிறதே, தூசிக்கு அது போதாதா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒவ்வொரு சனிக்கிழமையும் கேட்பார்: "எண்ணெ ஊத்திட்டயா?" நான் அடுப்படியிலிருந்தே சொல்வேன்: "ஊத்தியாச்சு." என்னை நம்பினார், ஒரு நாள்கூடத் திறந்து பார்த்ததில்லை. மூன்று ஆடிக் காற்று, மூன்று கோடை, அத்தனை எஸ்டேட் புழுதியும் உள்ளே போயிருக்கிறது. சிக்கந்தர் கேஜ் மாட்டுவதாகச் சொன்ன பிறகு, போன மாதம் இருபத்தெட்டாம் தேதி, கிண்ணத்தைக் கழுவி, கோட்டைப் பார்த்துப் பார்த்து ஊற்றினேன். யாரும் என்னைச் சொல்லக் கூடாது என்று ஊற்றினேன்.

எல்லாம் தெரிந்தேதான் மறைத்தேன். ஸ்டாண்டில் கத்தியபோது தெரியுமா என்று கேட்டால், முழுக்கத் தெரியாது. ஆனால் அந்தக் கிண்ணம் நினைவில் வந்துகொண்டே இருந்தது. அதனால்தான் அவ்வளவு சத்தமாகக் கத்தினேன்.

ஆகஸ்ட் 5

போய்ச் சொல்லிவிட்டேன். சிக்கந்தர் கையைத் துடைத்துக்கொண்டே முழுக்கக் கேட்டுவிட்டுச் சொன்னான்.

"இது போதும்க்கா. நாளைக்கே இன்ஜின் பிளாக்கத் தேனிக்கு லேத்துக்கு அனுப்புறேன். நாலு புது லைனர், பிஸ்டன், ரிங், பேரிங். பதினேழாந் தேதிக்குள்ள நிக்கும்." கொஞ்சம் தயங்கி, "ஒங்க விசயம் இந்த ஷெட்ட விட்டு வெளிய போகாது. நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்" என்றான்.

நல்ல பிள்ளை. அந்த வார்த்தை எனக்கு எவ்வளவு இனிப்பாக இருந்தது என்பதை நினைத்தால்தான் எனக்கே என் மேல் ஆத்திரம் வருகிறது.

ஆகஸ்ட் 9

லேத்திலிருந்து பிளாக் வந்துவிட்டது. உள்ளே முகம் தெரிகிறது.

ஆகஸ்ட் 12

மாட்டியாகிவிட்டது. கேஜ்: 28, 28, 27, 28. நானே படித்தேன், நானே எழுதினேன்.

ஐந்து நாள் பாரம் ஏற்றாமல் நிதானமாக ஓட்டிப் பழக்க வேண்டும். பெட்ரோல் பங்க்கில் தவமணி அண்ணன் பார்த்துவிட்டு, "பரவால்லயே, சுருளி கொன்ன வண்டிய நீ பொழைக்க வச்சுட்டியே" என்றார். பக்கத்தில் நின்ற நாலு பேரும் என்னைப் பாராட்டினார்கள். பொம்பளை என்றால் இப்படி இருக்க வேண்டுமாம். நான் வாயை மூடிக்கொண்டு டீசல் போட்டுக்கொண்டு வந்தேன். பதினாறு வருஷத்தில் நான் வாயை மூடிக்கொண்டு வந்த ஒரே நாள் இதுதான்.

ஆகஸ்ட் 14

தேவாரத்துக்குப் போய் அவரிடம் தனியாகச் சொல்லிவிடலாம் என்று புடவை மாற்றினேன். பஸ் ஸ்டாண்டு வரை போய்த் திரும்பி வந்துவிட்டேன். அசிங்கப்படுத்தியது நடு ஸ்டாண்டில், சொல்வது மட்டும் காதோடு காதாகவா? அது என் வழக்கம் இல்லை.

ஆகஸ்ட் 15

ஜீப் ஸ்டாண்டில் வருஷா வருஷம் கொடி ஏற்றுவார்கள். மைக் செட், தோரணம், ஆளுக்கு ஒரு லட்டு. அத்தனை ஜீப்காரர்களும் வெள்ளைச் சட்டையில் நிற்பார்கள். தவமணி அண்ணன் சுதந்திரத்தில் ஆரம்பித்து, டயர் விலையில் முடித்தார். முடித்ததும் நேராகப் போய் மைக்கைப் பிடித்தேன்.

"எனக்கு ரெண்டு நிமிசம் வேணும்."

"தாயி, பொம்பளைக யாரும் பேசுறதா லிஸ்ட்ல இல்லையே" என்றார்.

"லிஸ்ட்ல இல்லாமத்தான ரெண்டு மாசத்துக்கு முன்னாடியும் பேசுனேன். அப்ப அம்புட்டுப் பேரும் ரசிச்சுக் கேட்டீக. இதையும் கேளுங்க." மைக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். "எம் புருசன் சுருளிவேல் வண்டியக் கொன்னுட்டாருன்னு இதே எடத்துல நின்னு சொன்னேன். பொய். வண்டியக் கொன்னது நான். மூணு வருசமா ஏர் கிளீனர்ல எண்ணெ ஊத்தல. ஊத்திட்டேன்னு அவர்ட்டப் பொய் சொன்னேன். மண்ணு உள்ள போயி இன்ஜின் தேஞ்சு போச்சு. அவரு ஓட்டுனதுல ஒரு கொறையும் இல்ல. என் வாயால அந்த மனுசன் இன்னைக்குத் தேங்கா மூடை தூக்குறாரு."

பின்வரிசையில் எவனோ சிரித்தான்.

"சிரிக்கிறவுக இப்பவே சிரிச்சு முடிச்சுக்கங்க. பதினேழாந் தேதி காலைல அஞ்சு மணிக்கு என் வண்டி ஸ்டாண்டுக்கு வருது. நாந்தான் ஓட்டுறேன். அப்ப எவனுக்காவது சிரிப்பு வந்தா, பதினோராவது வளைவு வரைக்கும் என் பின்னாடி வந்து சிரிக்கட்டும்."

"இத வீட்டோட சொன்னாப் போதாதா தாயி? இதுக்குப் போயி மைக்கா?" என்றார் தவமணி அண்ணன்.

"திட்டுனது மைக் இல்லாமலே தேவாரம் வரைக்கும் கேட்டுச்சுல்லண்ணே. இதுவும் அங்க வரைக்கும் கேக்கணும்."

லட்டை வாங்கிக்கொண்டுதான் வந்தேன். அது என் பங்கு, எதற்கு விட வேண்டும்? திரும்பிப் பார்த்தபோது, சிரித்தவன் போய்த் தன் ஜீப்பின் பானெட்டைத் திறந்து ஏர் கிளீனர் கிண்ணத்தைக் கழற்றிக்கொண்டிருந்தான். அவனைப் பார்த்து இன்னும் மூன்று பேர் திறந்தார்கள். நாலு கிண்ணத்தில் இரண்டு எலும்பாகக் காய்ந்து கிடந்ததாம், அங்கம்மாக்கா பிறகு வந்து சொல்லிச் சொல்லிச் சிரித்தது.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அதையும் எழுதிவிட வேண்டியதுதான்.

ஆகஸ்ட் 16

எந்தத் தகவலும் இல்லை. தலையணை உறையைத் துவைத்துக் காயப்போட்டேன்.

ஆகஸ்ட் 17

நாலரை மணிக்குப் பொட்டலுக்குப் போனேன். ஜீப் சமதளத்தில் நின்றது. இனிமேல் அங்கேதான் நிற்கும். முன்சக்கரத்தின் பக்கத்தில் ஒரு ஆள் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார். முதல் பஸ்ஸுக்கு வந்திருக்கிறார். தோளில் சுமைத் துண்டு. மெலிந்திருக்கிறார்.

என்னைப் பார்த்தும் எழுந்திருக்கவில்லை. ஸ்டாண்டில் என்ன சொன்னேன், யார் சொல்லித் தெரிந்தது, எதையுமே பேசவில்லை. கடைசியில் பழைய குரலிலேயே கேட்டார்.

"எண்ணெ ஊத்திட்டயா?"

ஊத்தியாச்சு என்று சொல்ல வாய் வரவில்லை. பானெட்டைத் திறந்து, கிண்ணத்தைக் கழற்றி, இரண்டு கையாலும் அவர் முன்னால் நீட்டினேன். செல்போன் வெளிச்சத்தில் குனிந்து பார்த்தார். விரலை விட்டுத் தொட்டுப் பார்த்தார். கோடு வரைக்கும் இருந்தது, அதற்கு மேலே இல்லை. விரலைத் துண்டில் துடைத்துக்கொண்டு, கிண்ணத்தை அவரே திரும்ப மாட்டினார்.

பழக்கத்தில் டிரைவர் சீட்டுப் பக்கம் போனார்.

"அது என் சீட்டு" என்றேன். "மலைக்கு நான் ஓட்டுறேன். எறங்கும்போது நீங்க ஓட்டுங்க."

"பதினோராவது வளைவுல ரெண்டாவது கியரத் தேடாத. அதுக்கு முன்னாடியே போட்டுரு" என்றார். சுற்றி வந்து பக்கத்து சீட்டில் ஏறினார். உறை மாட்டிய தலையணையை அங்கேதான் வைத்திருந்தேன்.

பன்னிரண்டு பெண்களும் ஏறினார்கள். பதினோராவது வளைவில் அங்கம்மாக்கா போட்ட குலவையில் பின்னால் வந்த தவமணி அண்ணன் ஜீப்பே ஹாரன் அடித்தது.

எஸ்டேட் வாசலில் நின்று இதை எழுதுகிறேன். சிக்கந்தர், நீ கேட்ட கணக்கு இது. கடைசி வரி நானாகச் சேர்த்தது.

ஸ்டார்ட்: ஒரே சுற்று.
புகை: இல்லை.
ஆயில்: குறையவில்லை.
ஏர் கிளீனர் எண்ணெய்: ஊற்றியது நான். திறந்து பார்த்தது அவர்.